ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்: ஆட்ட விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், பூச்சோங், காஜாங், கிள்ளான் என்று கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து 12 குழுக்கள் வந்து ஆடும் 20 ஓவர் தோல் பந்துப் போட்டி நம்முடையது. ஆடுகிறவர்களில் பள்ளி ஆசிரியர் இருக்கிறார், லாரி ஓட்டுநர் இருக்கிறார், சைபர்ஜெயாவில் கணினி வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தம்பிகளும் இருக்கிறார்கள். யாரும் காசுக்கு ஆடுவதில்லை. விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். திடலில் இறங்கியதும் ஆளாளுக்கு வழக்கறிஞர் ஆகிவிடுகிறீர்கள். அதனால் இதுவரை வாய்ச்சண்டையில் போய் நின்ற கேள்விகளைப் பொறுக்கி எடுத்து, பதிலோடு எழுதியிருக்கிறேன்.

நாம் ஆடுவது எந்த விதிப்படி? ஐபிஎல் விதியா?

இல்லை. எம்சிசி, அதாவது லண்டன் மேரில்போன் கிரிக்கெட் கிளப், 2017-ல் எழுதி 2022-ல் திருத்திய விதிகள்தான் அடிப்படை. அதோடு 20 ஓவர் ஆட்டத்துக்கு ஐசிசி, அதாவது சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், வைத்திருக்கும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டோம்: ஒரு பவுலருக்கு 4 ஓவர், முதல் 6 ஓவர் பவர்பிளே, நோ-பாலுக்கு அடுத்த பந்து ஃப்ரீ ஹிட். பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே 2 பேர் நிற்கலாம், அப்புறம் 5 பேர். எம்சிசி விதிகளில் ஃப்ரீ ஹிட் என்ற பேச்சே கிடையாது என்றால் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

டிவியில் பார்க்கும் மற்றதெல்லாம் நம்மிடம் இல்லை. மூன்றாம் நடுவர் இல்லை, தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் டிஆர்எஸ் இல்லை, விளக்கு எரியும் பெயில்ஸ் இல்லை, இம்பாக்ட் பிளேயர் இல்லை. கைகளை ‘டி’ மாதிரி வைத்துக் காட்டினால் நடுவர் சிரித்துவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார்.

நடுவர் யார்?

அன்றைக்கு ஆட்டம் இல்லாத குழு இரண்டு பேரை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்தக் குழுவின் முன்பணத்திலிருந்து ஆளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) கழித்து, வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவோம். இன்று நீங்கள் முறைக்கும் நடுவர் அடுத்த வாரம் உங்கள் பந்தை எதிர்கொள்ளப் போகிற ஆள். அடுத்த வாரம் அந்த இடத்தில் நீங்களும் நிற்கலாம்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? தாமதமானால்?

முதல் ஆட்டத்துக்கு டாஸ் 7.45, முதல் பந்து 8 மணி. டாஸ் நேரத்தில் 7 பேர் இல்லாத குழு டாஸை இழக்கும். அதன் பிறகு ஒவ்வொரு 5 நிமிடத் தாமதத்துக்கும் அவர்கள் பேட்டிங்கில் ஓர் ஓவர் குறையும். 8.30 ஆகியும் 7 பேர் சேரவில்லை என்றால் எதிர்க்குழுவுக்கு வெற்றி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்டிபி சாலையில் ஜாம் என்று சொல்லாதீர்கள், நாங்களும் அதே சாலையில்தான் வருகிறோம்.

கடைசி நேரத்தில் வெளியாளைச் சேர்க்கலாமா?

கூடாது. போட்டி தொடங்குமுன் 18 பேர் வரை பெயர் கொடுக்கலாம். லீக் பாதியில் இரண்டு பேரை மாற்றலாம். அரையிறுதியில் ஆட வேண்டுமானால் லீக்கில் குறைந்தது இரண்டு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். டாஸுக்கு முன் ஐசி (அடையாள அட்டை) கேட்டால் கோபப்படாமல் காட்டுங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பேட்டிங்கிலும், ஸ்டம்புக்கு அருகே நின்று கீப்பிங் செய்யும்போதும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். அப்பா வந்து ‘பரவாயில்லை’ என்றாலும் விடமாட்டோம்.

ஆணிக் காலணி போடலாமா?

நம் திடல்களில் இருப்பது சிமெண்டு மேல் விரித்த செயற்கைப் பாய். ஆணி பட்டால் கிழியும், கிழிந்த இடத்தில் பந்து எங்கே எகிறும் என்று பவுலருக்கே தெரியாது. ரப்பர் அடிக் காலணி மட்டும். பாய் விக்கெட்டைக் கேவலமாக நினைக்க வேண்டாம்: 1997-ல் கோலாலம்பூரில் நடந்த ஐசிசி டிராபி முழுவதும் செயற்கை விக்கெட்டில்தான் நடந்தது. அதன் இறுதி ஆட்டத்தை மழைக் கேள்வியில் சொல்கிறேன்.

எவையெல்லாம் நோ-பால்?

முன்கால் முதலில் எடுத்துக்கொள்வோம். பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி, தரையில் பட்டாலும் காற்றில் இருந்தாலும், பாப்பிங் கிரீஸுக்கு, அதாவது ஸ்டம்புக்கு முன்னால் போட்ட கோட்டுக்கு, பின்னால் இருந்தால் சரி. கோட்டின் மேல் இருப்பது பின்னால் இருப்பதாகாது. பின்கால் பக்கவாட்டுக் கோட்டைத் தொடக்கூடாது. இதை நம் நடுவர்கள் பார்ப்பதே இல்லை, இனிப் பாருங்கள்.

தரையில் படாமல் இடுப்புக்கு மேலே வரும் பந்து நோ-பால், வேகப்பந்தோ சுழற்பந்தோ வித்தியாசம் இல்லை. ‘மெதுவாகத்தானே அண்ணே வந்துச்சு’ என்பது 2017-க்கு முன் எடுபட்டிருக்கும். பேட்ஸ்மேன் நேராக நின்றால் தலைக்கு மேலே போகும் பவுன்சரும் நோ-பால். கிரீஸுக்கு வருமுன் ஒரு முறைக்கு மேல் குத்தினாலும் நோ-பால். முன்பு இரண்டு முறை குத்த இடம் இருந்தது. லெக் சைடில் ஸ்கொயருக்குப் பின்னால் கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் நின்றால் தவறு ஃபீல்டிங் குழுவுடையது, நோ-பால்தான்.

ஃப்ரீ ஹிட்டில் ஸ்டம்ப் தெறித்தால் பந்து செத்துப்போகுமா?

சாகாது. ஓடலாம், ஓடியது பை (மட்டையில் படாமல் ஓடிய ரன்) கணக்கில் சேரும். 2022 அக்டோபர் 23-ல் மெல்பர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக கோலி அப்படித்தான் ஃப்ரீ ஹிட்டில் போல்டாகி மூன்று பை ஓடினார். உலகமே பார்த்த பிறகும் நம் திடலில் ஸ்டம்ப் விழுந்ததும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ஃப்ரீ ஹிட்டில் ரன் அவுட் உண்டு, பந்தை இருமுறை அடித்தாலும் ஃபீல்டரை மறித்தாலும் அவுட் உண்டு. மற்றபடி கிடையாது.

வைட் எப்படி?

லெக் சைடில் பேட்ஸ்மேனின் காலுக்கும் பின்னால், எதிலும் படாமல் போனால் வைட். ஆஃப் சைடுக்குப் பாயில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறோம். பேட்ஸ்மேன் முன்கூட்டியே நகர்ந்தால், பவுலர் ஓட ஆரம்பித்ததிலிருந்து அவர் நின்ற இடங்களையும் சேர்த்துப் பார்ப்போம். இந்தப் பக்கம் குதித்துவிட்டு வைட் கேட்பது நியாயமில்லை.

எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்து காலில் பட்டு அவுட், உண்டா?

உண்டு. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு அவுட் இல்லை. ஆட முயன்றவரின் காலில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டால் அவுட் இல்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு வெறுமனே விட்டவருக்கு உண்டு. பாயில் பந்து எகிறும் உயரத்தையும் நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும், முழங்காலுக்கு மேலே பட்டது பெரும்பாலும் ஸ்டம்புக்கு மேலேதான் போகும்.

பந்து வீசுமுன் கிரீஸை விட்டுக் கிளம்பும் நான்-ஸ்ட்ரைக்கரை (பவுலர் பக்கம் நிற்கும் பேட்ஸ்மேனை) பவுலர் ரன் அவுட் செய்யலாமா? முதலில் எச்சரிக்க வேண்டாமா?

செய்யலாம். எச்சரிக்கை வேண்டாம். இது ரன் அவுட், வேறு பெயர் தேவையில்லை. 1947-ல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை இப்படி அவுட்டாக்கியதிலிருந்து மன்கட் என்ற பெயர் அவர் தலையில் விழுந்தது. கிரீஸைத் தாண்டி ஓடியது பிரவுன், பெயர் கெட்டது மன்கட்டுக்கு. 2019-ல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் பட்லரை அவுட்டாக்கியபோதும் ஊரே அஸ்வினைத்தான் திட்டியது. 2022 திருத்தத்தில் எம்சிசி இதை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து ரன் அவுட் விதியில் வைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பவுலரின் கை உச்சியைத் தாண்டிய பிறகு இந்த வாய்ப்பு முடிந்தது. கையை முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து ஸ்டம்பைத் தட்டினால் நாட் அவுட். என்னைக் கேட்டால், கீப்பர் செய்யும் ஸ்டம்பிங்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிடிக்காதவர்கள் மட்டையைக் கிரீஸுக்குள் வைத்திருங்கள்.

நடுவர் தவறாக எண்ணி ஏழாவது பந்தை வீச விட்டால், அதில் விழுந்த விக்கெட் செல்லுமா?

செல்லும். எண்ணிக்கையில் நடுவர் தவறினால் அவர் எண்ணிய ஓவரே ஓவர் என்று 17-ஆம் விதி சொல்கிறது. 2019-ல் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் ஆட்டத்தில் மைக்கேல் கிளிங்கர் ஏழாவது பந்தில்தான் அவுட் ஆனார், வெளியே போனார்.

இதை நான் இவ்வளவு திடமாகச் சொல்லக் காரணம், நம் போட்டியில் அந்தத் தவறைச் செய்த நடுவர் நானேதான். எண்ணுவதற்குச் சட்டைப் பையில் ஆறு கூழாங்கல் வைத்திருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாற்றுவது என் பழக்கம். நான்காவது பந்தில் மிட்-ஆனில் ஒருவர் காலைச் சுளுக்கிக்கொண்டு விழுந்தார். ஐஸ் கொண்டு வந்தார்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், கல்லை மாற்ற மறந்துவிட்டேன். ஏழாவது பந்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் லாங்-ஆனில் கேட்ச் கொடுத்தான். ஸ்கோரர் எழுந்து நின்று ஏழு விரலைக் காட்டுகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விதி விதிதான், பையன் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் அவன் மேசைக்கு நானே தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன், குடித்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து இரண்டு நடுவரும் நான்காவது பந்து முடிந்ததும் விரலால் சைகை செய்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று விதி போட்டோம். ஸ்கோரர்களும் ஆறு முடிந்ததும் கத்தலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேட்ச் எடுக்குமுன் பேட்ஸ்மேன்கள் கடந்துவிட்டால் அடுத்து யார் ஆடுவது?

புதிதாக வருகிறவர். கடந்தாலும் கடக்காவிட்டாலும் அவர்தான், ஓவர் முடிந்திருந்தால் தவிர. கடந்திருந்தால் எதிர்முனைக்காரர் ஆடும் பழைய விதி 2022-லேயே போய்விட்டது.

புது பேட்ஸ்மேன் வர எவ்வளவு நேரம்?

விக்கெட் விழுந்து மூன்று நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். 2023 உலகக் கோப்பையில் இலங்கையின் மேத்யூஸ் ஹெல்மெட் வார் அறுந்து நேரம் கடந்து அவுட் ஆனபோது அங்கே இரண்டு நிமிடம்தான். நாம் ஒன்று கூடுதலாகவே தருகிறோம். பேட் கட்டாமல் ரோட்டி சானாய் தின்றுகொண்டிருந்தால் எங்கள் பொறுப்பில்லை.

பவுண்டரிக்கு வெளியே துள்ளித் தட்டிப் பிடிப்பது?

வெளியே போனபின் காற்றில் இருந்தபடி பந்தை ஒரே ஒரு முறை தட்டலாம். அப்புறம் உள்ளே வந்து இறங்க வேண்டும். வெளியே குதித்துக் குதித்துத் தட்டும் வித்தையை 2025 ஜூனில் ஐசிசி நிறுத்தியது, நாமும் நிறுத்தினோம். நம் பவுண்டரி கயிறு அல்ல, கோன்தான். இரண்டு கோன்களுக்கு இடையே நேர்கோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டரின் வார்த்தையை நடுவர் கேட்பார், பொய் சொன்னால் அவர் மனசாட்சி.

மழை வந்தால் கணக்கு எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோலாலம்பூரில் மதியம் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது, அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதிய ஆட்டம் பாதியில் நிற்பது வாடிக்கை.

இரண்டு குழுவும் குறைந்தது 5 ஓவர் ஆட வாய்ப்பிருந்தால்தான் முடிவு, இல்லையேல் ஆளுக்கு ஒரு புள்ளி. முதல் பேட்டிங் முடிந்தபின் மழையால் ஓவர் குறைந்தால் முன்பு வெறும் சராசரி ரன் விகிதத்தில் இலக்கு வைத்தோம். அது துரத்துகிற குழுவுக்குச் சர்க்கரைப் பொங்கல். 20 ஓவருக்குப் பத்து விக்கெட் வைத்திருந்தவர்கள் 10 ஓவருக்கும் அதே பத்து விக்கெட்டோடு வருகிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1997 ஏப்ரலில் கிலாட் கிளப் திடலில் ஐசிசி டிராபி இறுதி ஆட்டம். கென்யா 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 241, ஸ்டீவ் டிகோலோ மட்டும் 147. மழை கொட்டி ஆட்டம் மறுநாளுக்குப் போனது. வங்காளதேசத்துக்கு, மிச்சமிருக்கும் ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்துப் பார்க்கும் டக்வொர்த்-லூயிஸ் முறையில் 25 ஓவரில் 166 என்று இலக்கு வைத்தார்கள். வெறும் சராசரி என்றால் 121 போதும்! 45 ரன் வித்தியாசம். அந்த 166-ஐயும் வங்காளதேசம் எட்டு விக்கெட்டை இழந்து கடைசிப் பந்தில் எட்டிப் பிடித்தது.

டக்வொர்த்-லூயிஸ் கணக்கைத் திடலோரத்தில் நின்று போட நம்மில் யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் எளிய வழி: முதல் குழுவின் சராசரியைக் குறைந்த ஓவரால் பெருக்குங்கள்; இழந்த ஒவ்வோர் ஓவருக்கும் ஒரு ரன் கூட்டுங்கள்; வெல்ல அதற்கு மேல் ஒன்று. முதல் குழு 150, இரண்டாவது குழுவுக்கு 10 ஓவர்தான் என்றால் 75, அதோடு 10, ஆக 85. இலக்கு 86. துரத்தல் நடுவே மழை வந்து ஆட்டம் திரும்பவே இல்லை என்றாலும் இதே கணக்குதான், ஆனால் ஆறாவது விக்கெட்டுக்குப் பின் விழுந்த ஒவ்வொரு விக்கெட்டுக்கும் 5 ரன் கூடுதலாக வைப்போம். ஒன்பது விக்கெட்டை இழந்து நிற்கிற குழு மழை புண்ணியத்தில் ஜெயித்துப் போவதை ஒரு முறை பார்த்தாயிற்று, போதும்.

தூறல்தானே, ஆடலாமே? இடி தூரத்தில்தானே கேட்கிறது?

தூறலில் ஆடலாமா என்பதை நடுவர் பாயை மிதித்துப் பார்த்துச் சொல்வார். இடி வேறு விஷயம். இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே, கூடாரத்துக்கு அல்ல, மரத்தடிக்கு அல்ல, கட்டடத்துக்கோ காருக்கோ. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின்தான் திரும்ப இறங்குவோம். நடுவில் ஒரு இடி கேட்டால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து. திறந்த வெளியில் நிற்கிற 13 பேரில் உயரமானவர் யாரோ அவரைத்தான் மின்னல் முதலில் பார்க்கும். இதில் கேப்டன்கள் பேச இடமில்லை.

புகைமூட்டம் வந்தால்?

காலை 7 மணிக்கு அந்தப் பகுதியின் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) அளவைப் பார்ப்போம். 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, பள்ளிகளிலும் வெளி நடவடிக்கைகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு 18 வயதுக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது, இரு கேப்டன்களும் ஒப்புக்கொண்டால் மட்டும் மற்றவர்கள் ஆடலாம். 150-ஐத் தாண்டினால் ஆட்டம் தள்ளிவைப்பு.

நெட் ரன் ரேட் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? எங்கள் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்து வருவதே இல்லை.

பெரும்பாலும் ஒரே தவறுதான். 16.4 ஓவர் என்றால் பதினாறு ஓவரும் நான்கு பந்தும். கால்குலேட்டரில் 16.4 என்று அடித்தால் பதினாறும் பத்தில் நான்கும் ஆகிவிடும். நான்கு பந்து என்பது ஆறில் நான்கு, ஆகவே 16.667 என்று போட வேண்டும். உதாரணத்துக்கு, எதிர்க்குழு 20 ஓவரில் 140. நீங்கள் 16.4 ஓவரில் 141. சரியான கணக்கில் உங்கள் விகிதம் 8.46, அவர்களுடையது 7.00, நெட் ரன் ரேட் 1.46. தவறாகப் போட்டால் 1.60 வரும். இந்த 0.14-க்காக ஒரு குழு நள்ளிரவு வரை எனக்கு ஃபோன் செய்தது.

இன்னொன்று, ஆல் அவுட் ஆனால் முழு 20 ஓவரும் கணக்கு, 14 ஓவரில் சுருண்டாலும் 20-ஆல்தான் வகுப்போம். அப்புறம், ஒவ்வோர் ஆட்டத்தின் விகிதத்தையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எல்லா ஆட்டத்திலும் எடுத்த ரன்னைக் கூட்டி மொத்த ஓவரால் வகுக்க வேண்டும், கொடுத்ததற்கும் அப்படியே.

ஸ்கோர் சமமானால்?

லீக்கில் ஆளுக்கு ஒரு புள்ளி. அரையிறுதி, இறுதியில் சூப்பர் ஓவர், அதுவும் சமமானால் இன்னொன்று. பவுண்டரி எண்ணி வெற்றி கொடுக்கும் வேலை இங்கே இல்லை.

கெட்ட வார்த்தை பேசினால்?

முதல் முறை கேப்டனைக் கூப்பிட்டுச் சொல்வோம். இரண்டாவது முறை எதிர்க்குழுவுக்கு 5 ரன். நடுவர் மேல் கை வைத்தால் அந்த ஆள் இந்த ஆண்டு இனி ஆட மாட்டார். அம்மாவை இழுத்துப் பேசியதற்கு முதல் முறை சலுகையும் கிடையாது, நேராக 5 ரன்.

திடலுக்குள் இருக்கும் கோல் கம்பத்தில் பந்து பட்டால்?

டாஸுக்கு முன் நடுவர்கள் சொல்வதுதான் விதி. வழக்கமாக, தரையில் படாமல் நேராகக் கம்பத்தில் பட்டால் நான்கு என்று வைக்கிறோம். உருண்டு போய்ப் பட்டால் ஆட்டம் தொடரும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தால் கேட்ச் இல்லை.

பந்து லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்து காணாமல் போனால்?

நம் திடல்களில் லோங்காங் பவுண்டரிக்கு வெளியே இருப்பதால் நான்கோ ஆறோ ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பிரச்சினை பந்துதான். ஐந்து நிமிடம் தேடலாம், கிடைக்காவிட்டால் அதே அளவு தேய்ந்த பந்து ஒன்றை நடுவர் தருவார். ஒவ்வொரு குழுவும் பழைய பந்து இரண்டு கொண்டு வர வேண்டும் என்பது இதற்குத்தான். ஈரப் பந்து கிடைத்தால் துண்டால் துடைத்துத் தொடரலாம், எச்சில் கூடாது, லோங்காங்கில் விழுந்த பந்துக்கு எச்சில் வைக்க யாருக்கும் தோன்றாது என்று நம்புகிறேன். உள்ளே இறங்கி எடுக்க வேண்டியது பேட்டிங் குழுவின் பன்னிரண்டாவது ஆள். கம்பி வலை போட்ட நீளக் கம்பு ஸ்கோரர் மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது, வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வையுங்கள்.